நாலாம் நம்பர் அறைக்கு ஒரு மாஸ்டர்பீஸ்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர் என்று என் மனைவி தயானி என்னைப் பற்றிச் சொல்வதுண்டு. அவள் சொல்வது சரி என்று நான் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு இங்கிலீஷ் சொல் எப்படிப் பிறந்தது என்று யாரும் கேட்காமலே சொல்லப் போய், பதுளையில் ஒரு சந்து முழுவதையும் இரண்டு வாரம் நிம்மதியில்லாமல் ஆக்கியவன் நான்தான்.

அந்தச் சந்து பஸாருக்குப் பின்னால் இருக்கிறது. மேல்மாடியில் நீளமாக ஒரு அறை; அதில் நான் இங்கிலீஷ் டியூஷன் நடத்துகிறேன். கீழே வரிசையாக நாலு அறைகள். முதல் அறையில் எல்லாருக்கும் மூத்த அண்ணனான மொஹிதீன் நானா, இரண்டாவதில் ஸலீம், மூன்றாவதில் கணபதி. மூன்று பேருமே தையல்காரர்கள். மூன்று பேரின் பலகையிலும் பெயருக்குப் பின்னால் ‘மாஸ்டர்’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். நாலாம் அறையில் இருந்தவர் கட்டாருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கட்டடச் சொந்தக்காரர் தையல்காரர் சங்கத்திடம் விட்டிருந்தார். சங்கம் என்றால் இந்த மூன்று பேர்தான். தலைவர் மொஹிதீன் நானா. அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார். ஒரு பாயும் தலையணையும் கொண்டுவந்து போட்டு, எட்டு மாதமும் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் தூங்கினார்.

அந்த அறையைக் கேட்டுத்தான் கலாராணி வந்தாள். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் லயத்து ஒற்றை அறைக்குள்ளேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். அந்த மலையில் பாதிப் பெண்கள் போட்டிருக்கும் ரவிக்கை அவள் தைத்தது. நான் சனிக்கிழமைகளில் அந்தத் தோட்டத்து வாசிகசாலையில் வகுப்பு எடுக்கப் போகிறவன் என்பதால் எனக்கு அவளைப் பார்த்துப் பழக்கம் உண்டு.

“அடுப்பும் மெஷினும் ஒரே அறையில இருக்குங்க நானா,” என்றாள். “போன மாசம் இருவது பள்ளிக்கூட கவுன் தச்சேன். வெள்ளத் துணி. புகையில அத்தனையும் டீத்தண்ணி கலராப் போச்சு. மழ பேஞ்சா ஒழுகும், மெஷின தூக்கிக்கிட்டு மூலைக்கு மூல ஓடணும். ஒரு காஞ்ச அறை கெடச்சாப் போதுங்க. நான் பொழச்சுக்குவேன்.”

நானாவுக்கு இளகிய மனம்தான். ஆனால் தலையணை என்று ஒன்று இருக்கிறதே. அவர் தாடியைத் தடவினார்.

“தங்கச்சி, ரூம் ஈக்கிறது மெய்தான். ஆனா இது மாஸ்டர்மாருட லேன். சும்மா மெஷின் மிதிக்கிற ஆக்களுக்கெல்லாம் குடுக்க ஏலாது. மாஸ்டர் எண்டு சொல்ல ஒரு தகுதி வேணும், விளங்கினா?”

“என்ன தகுதிங்க நானா?”

என்ன தகுதி என்று நானாவுக்கே தெரியாது. அங்கே நான் வாயை மூடிக்கொண்டு மாடிப்படி ஏறியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்கு அந்தச் சொல்லை நடத்தியிருந்தேன். பிள்ளைகளில் ஒன்றுகூடக் கவனிக்கவில்லை. கேட்க ஆள் கிடைக்காத அறிவு வயிற்றுக்குள் வாயு மாதிரி. எங்கேயாவது வெளியே வந்துதான் தீரும்.

“அதற்கு ஒரு முறை இருக்கிறது,” என்றேன், மூன்றாவது படியில் நின்றபடி. “மாஸ்டர்பீஸ் என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா? இப்போது அருமையான படத்தையும் பாட்டையும் அப்படிச் சொல்கிறார்கள். ஆதியில் அதற்குப் பொருள் வேறு. ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சங்கம் இருந்தது. தச்சர், கொல்லர், தையல்காரர், எல்லாருக்கும். தொழில் படித்தவன் மாஸ்டர் ஆக வேண்டுமானால் ஒரு பொருளைச் செய்து சங்கத்தின் முன் வைக்க வேண்டும். ஒல்லாந்துக்காரரும் ஜெர்மன்காரரும் அதற்கு ‘மாஸ்டரின் துண்டு’ என்ற மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இங்கிலீஷ்காரர் அதைப் பார்த்துத்தான் மாஸ்டர்பீஸ் என்றார்கள். பரீட்சைப் பொருள், அவ்வளவுதான். சங்கம் அதைத் திருப்பிப் பார்த்து, புரட்டிப் பார்த்து, சரி என்றால் அவன் மாஸ்டர். இல்லை என்றால் வந்த வழியே போக வேண்டியது.”

நானாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் நோன்புப் பெருநாள் பிறை பார்த்த அன்றுதான் கண்டிருக்கிறேன்.

“கேட்டீங்களா தங்கச்சி! விஜேந்திரன் சேர் படிச்ச மனிசன். அதான் முறை. நீங்க ஒரு மாஸ்டர்பீஸ் செஞ்சி கொண்டுவாங்க. நாங்க சங்கம் பாத்து முடிவு சொல்ற.”

கலாராணி மிகவும் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்.

“சரிங்க நானா. நீங்க செஞ்ச மாஸ்டர்பீசு எங்க இருக்கு? ஒரு தடவ காட்டினீங்கன்னா அத மாதிரி செஞ்சிருவேன்.”

ஸலீமின் மெஷின் நின்றது. கணபதி வாயில் கவ்விய ஊசியோடு எட்டிப் பார்த்தார். நானா தன் பலகையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அந்தச் சிவப்பு எழுத்தை அவர் பெயின்டருக்குச் சொல்லித்தான் எழுத வைத்தாரே தவிர, யாரிடமும் எதையும் காட்டி வாங்கவில்லை. ஆனால் ரோஷம் உள்ள மனிதர்.

“செய்வோம்!” என்றார். “நாங்க மூணு பேரும் செய்வோம். நீங்களும் செய்ங்க. சேர், வேற என்ன சட்டம் ஈக்கி அதில?”

அப்போதாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். “அனேகமாகத் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்பார்கள்,” என்றேன். “தொடக்கம் முதல் முடிவு வரை, அடுத்தவர் கை படாமல்.”

ஸலீமின் கடையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அந்த இருமலின் பொருள் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

அந்தச் சந்தில் ஒரு சட்டை எப்படிப் பிறக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மொஹிதீன் நானா வெட்டுவார். வெட்டுவதில் அவரை மிஞ்ச ஊவா மாகாணத்தில் ஆள் இல்லை. வெட்டிய துணி ஸலீமிடம் போகும், அவர் தைப்பார். பொத்தான் துளைகளுக்குப் பெரிய தெருவில் ஒரு மெஷின். அயன் பண்ண இன்னொருவர். காற்சட்டை என்றால் கணபதி, காற்சட்டை தவிர வேறெதையும் அவர் தொடுவதில்லை. ஆக ஒரு சட்டை பதுளையில் பிறந்து வெளியே வருவதற்குள் நாலு வாசல் ஏறி இறங்கிவிடும். பதினெட்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. முழுச் சட்டை ஒன்றை ஒரே ஆளாகத் தைத்து அந்தச் சந்தில் யாரும் பார்த்ததில்லை. நானும் கவனித்ததில்லை. அவர்களே கவனித்திருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

போட்டிப் பொருள் முழுக்கைச் சட்டை என்று முடிவானது. எல்லாருக்கும் நானாவின் கடையிலிருந்து ஒரே ரோலில் வெட்டிய இளநீலத் துணி. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் அன்றைக்குப் பரீட்சை. ஒரே உடம்புக்குத் தைத்தால்தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம்? யாருடைய உடம்பு என்று கேள்வி வந்தபோது நாலு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். வாய் யாருடையதோ உடம்பும் அவருடையதே என்று கணபதி தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நாலு சட்டை! ஆனால் ஒரு சிறிய சிக்கல். எனக்கு வயிறு உண்டு. உண்டு என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அது எனக்கும் தயானிக்கும் மட்டும் தெரிந்த குடும்ப ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் பார்க்கும் இடத்தில் நான் அதை உள்ளே இழுத்துக்கொள்வேன். கரும்பலகையில் எழுதும்போதும் இழுத்துக்கொள்வேன். பன்னிரண்டு வருஷப் பயிற்சி. பிடித்த மூச்சோடு இலக்கணம்கூட நடத்துவேன்.

நானா, ஸலீம், கணபதி மூன்று பேரும் வரிசையாக டேப் பிடித்தார்கள். மூன்று தடவையும் நான் மூச்சைப் பிடித்தேன். இடுப்பு முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டார்கள். சேர் என்ற மரியாதைக்கு அந்த எண்ணைக் காதோடு காதாகச் சொல்லியும் கொண்டார்கள்.

கலாராணி டேப்பை எடுக்கவே இல்லை. “எங்க தோட்டத்துல அளவு சட்டதான் சேர் எல்லாரும் குடுக்குறது. டேப்பு புடிச்சா எல்லாரும் நெஞ்ச நிமித்திக்கிறாங்க. அப்புறம் சோறு திங்கிற நேரம் பொத்தான் தெறிச்சிருது. நீங்க தெனம் போடுற சட்ட ஒன்னு குடுத்து விடுங்க, போதும்.”

தினம் போடும் சட்டையா! அதைக் கொடுத்தால் ஊருக்கே பத்திரிகை அடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குப் போய் அலுமாரியின் அடித்தட்டைக் கிளறி ஒரு சட்டையை எடுத்தேன். எங்கள் கல்யாண வரவேற்புக்கு எடுத்தது. தயானி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது யாரோட சட்ட?”

“என்னோடதுதான்.”

“எப்ப?” என்று ஒரு சொல் கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

அந்தச் சட்டையை ஒரு பையில் போட்டு, அந்தச் சனிக்கிழமையே கலாராணியிடம் கொடுத்தேன். அவள் அதை விரித்தாள். காலரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மடித்து வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் எப்படித் தைத்தாலும் அவர்களின் கடை அவர்களுக்கு இருக்கிறது. இவளுக்கு அந்த ஒரு சட்டையை நம்பித்தான் எல்லாமே. அவள் அந்தக் கல்யாணச் சட்டை அளவுக்குத் தைத்தால், நான் எவ்வளவு மூச்சைப் பிடித்தாலும் நடுப்பொத்தான் பூட்டாது. சங்கம் சிரிக்கும். அவள் திரும்பவும் புகைக்குள் போய் உட்கார வேண்டும். என் ஒருவனுடைய வீண் பெருமைக்காக. போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எண்ணை அழுத்தினேன். ஒரு தடவை, “தையல் எப்படிப் போகுது?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இன்னொரு தடவை அவள் எடுப்பதற்குள் நானே துண்டித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைச் சொல்ல அதைவிட வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் சந்து பட்ட பாடு சொல்லி மாளாது. மொஹிதீன் நானா பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு மெஷினில் உட்கார்ந்தார். நூலை ஊசியில் கோர்க்க அரை மணி நேரம், கோர்த்த பிறகு மெஷின் பின்னால் ஓடியது. ஸலீம் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு துணியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பச்சைப்பிள்ளையின் தலையில் முதல் முடி வெட்டப் போகிறவர் மாதிரி. கணபதி கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து பெருமூச்சு மட்டும் வந்தது. நானாவுக்குப் பகல் தூக்கம் போனது. மூன்று பேரும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நான் ‘குட் மோர்னிங்’ சொன்னால், “ஓ சேர், உங்கட வாய்க்கு நல்லம்,” என்பார் ஸலீம்.

போயா வந்தது. முதல் பஸ்ஸிலேயே கலாராணி வந்துவிட்டாள், கடதாசியில் சுற்றிய பொதியோடு. தயானி எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்திருந்தாள். மேலதிக வகுப்பு என்ற பெயரில் என் பிள்ளைகள் முப்பது பேரும் மாடி ஜன்னலில் தொங்கினார்கள். ஒரு மறைப்புத் துணிக்குப் பின்னால் போய் ஒவ்வொரு சட்டையாகப் போட்டுக்கொண்டு வெளியே வர வேண்டியது என் வேலை.

முதலில் நானாவின் சட்டை. வெட்டு என்றால் வெட்டு. தோள் அப்படியே படிந்து உட்கார்ந்தது. ஆனால் வலது கையை இடது பக்கத்திலும் இடது கையை வலது பக்கத்திலும் வைத்துத் தைத்திருந்தார். போட்டதும் என் இரண்டு முழங்கைகளும் பின்பக்கம் திரும்பிக்கொண்டன. பின்னால் போய்விட்ட பஸ்ஸை மறிக்கிறவன் போல நின்றேன்.

“வெட்டினது சரிதானே?” என்றார் நானா, யாரையும் பார்க்காமல்.

அடுத்தது ஸலீம். தையல் ரயில் பாதை மாதிரி நேராக ஓடியது. பாவம், வெட்டும்போது தையலுக்கு என்று ஓரத்தில் துணி விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நானா விட்டுக்கொடுத்த துணியில் தைத்துப் பழகியவர். சட்டை எல்லாப் பக்கமும் சுருங்கி, என் தோளோடு நின்றுவிட்டது. போதாததற்கு, பொத்தான் துளைகள் அச்சடித்தது போல இருக்கின்றனவே என்று கணபதி குனிந்து பார்த்தார். பெரிய தெரு மெஷினுக்குக் களவாக அனுப்பியிருக்கிறார்.

“ஏழு துளைதானே,” என்றார் ஸலீம் பரிதாபமாக.

கணபதியின் சட்டை எனக்கு ஓரளவு பொருந்தியது. ஆனால் இடுப்பைச் சுற்றி பெல்ட் போட ஆறு வளையம் வைத்திருந்தார். முதுகின் கீழே, வலது பக்கத்தில், பொத்தானோடு ஒரு பர்ஸ் பை.

“கை பழகிப்போச்சுங்க சேர்,” என்றார். “தச்சு முடிச்சப்புறந்தான் பாத்தேன். பிரிக்க மனசு வரல. நல்லாத்தான இருக்கு?”

மாடியில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தது கலாராணியின் சட்டை. மறைப்புக்குப் பின்னால் போய் அதை எடுத்தேன். கல்யாணச் சட்டையின் அளவுக்கு இதுவும் வரப்போகிறது, இதோ கிழியப்போகிறது என்று நினைத்து, இதுவரை பிடிக்காத அளவுக்கு மூச்சைப் பிடித்தேன். வயிறு முதுகெலும்பில் போய் ஒட்டிக்கொண்டது.

பொத்தான்கள் பூட்டிக்கொண்டன. கழுத்திலிருந்து கீழே வரை, ஒன்றுவிடாமல், வெண்ணெயில் விரல் போன மாதிரி. அப்பாடா என்று வெளியே வந்தேன். நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

யாரும் கை தட்டவில்லை. கணபதி உதட்டைப் பிதுக்கினார். குனிந்து பார்த்தேன். சட்டை என் முன்னால் தொளதொள என்று தொங்கியது. வயிற்றுப் பக்கத்தில் ஒரு கோழியைக் கூட்டோடு ஒளித்து வைக்கலாம்.

நானா வந்து இரண்டு விரலால் துணியைப் பிடித்து இழுத்தார். அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, தலையணையும் தெரிந்தது.

“நாலு இஞ்சி லூஸ். தங்கச்சி, தையல் அருமை, பொய் சொல்ல ஏலா. ஆனா மாஸ்டர்பீஸ் எண்டா ஆளுக்குப் பொருந்தோணும். இது பொருந்தல்ல. சேர், நீங்களே சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கலாராணியைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். கண்ணில் கோபம் இல்லை. கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவளுக்குத் தெரியும். நான் கொடுத்த சட்டையை இவள் நம்பவே இல்லை. இந்த இளநீலச் சட்டை, பன்னிரண்டு வருஷமாக நான் ஊருக்குக் காட்டாத என் உடம்புக்குத் தைத்தது. அதை நான் காட்டினால்தான் சட்டை பொருந்தும். காட்டாவிட்டால் சட்டை லூஸ், அறை நானாவின் தலையணைக்கு.

மேலே முப்பது பிள்ளைகள். நாளைக்கு அவர்கள் முன்னால் நின்று இலக்கணம் நடத்த வேண்டும்.

“மூச்சு விடுங்க சேர்,” என்றாள் கலாராணி, எனக்கு மட்டும் கேட்கும்படி.

விட்டேன்.

ஒரேயடியாக விடவில்லை. பன்னிரண்டு வருஷத்து மூச்சு, மெதுவாகத்தான் வந்தது. வயிறு ஒவ்வொரு பொத்தானாகத் தாண்டி முன்னால் வந்தது. வரவரச் சட்டையின் சுருக்கம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. தொங்கிய துணி நிமிர்ந்தது, ஓரம் நேரானது, கடைசியில் எங்கேயும் இழுக்காமல், எங்கேயும் தொங்காமல், எனக்கென்றே பிறந்த தோல் மாதிரி உட்கார்ந்தது. உடம்பில் ஒரு துணி இருப்பதே தெரியவில்லை. இத்தனை வருஷம் எல்லாச் சட்டையும் என்னோடு சண்டை போட்டிருக்கின்றன என்பது அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது.

மாடியில் முதலில் “ஆ!” என்று ஒரு சத்தம். பிறகு கூரை போகும்படி சிரிப்பு. கணபதி தேநீரைக் கொட்டிக்கொண்டார். தயானி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பழைய செய்தி.

நானா சிரிக்காமல் என்னைச் சுற்றி வந்தார். கழற்றச் சொல்லி வாங்கி, உள்ளே வெளியே புரட்டினார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தையல் மூட்டாகப் பார்த்தார். பொத்தான் துளைகளை நகத்தால் தடவினார். எல்லாம் கையால் போட்டது. ஐந்து நிமிஷம் குறை தேடினார். தேடியது கிடைக்காத கோபத்தில் கடைசியாகக் கேட்டார்.

“டேப்பும் புடிக்காம இத எப்பிடி அளவெடுத்த?”

கலாராணி பையிலிருந்து என் கல்யாணச் சட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். “இதுல காலர் ஓரத்துல ஒரு தேய்வும் இல்லீங்க. மடிப்பு மட்டும் மஞ்சளாயிருக்கு. பெட்டியில கெடந்த சட்டன்னு பாத்தவுடனே தெரிஞ்சிருச்சு. சேர் சனிக்கெழம வாசிகசாலைக்கு எங்க லயத்தத் தாண்டித்தான் படி ஏறுவாரு. எம்பது படி. பாதியில நின்னு கைப்பிடியப் புடிச்சிக்கிட்டு மூச்சு வாங்குவாரு. மூச்சு வாங்குற மனுசன் வயித்த எங்கிட்டு இழுத்துப் புடிக்கிறது? ரெண்டு சனிக்கெழம மெஷின்ல ஒக்காந்துகிட்டே நல்லா பாத்துக்கிட்டேன். தோளுக்கு மட்டுந்தான் இந்தச் சட்ட ஒதவிச்சு.”

எண்பது படி ஏறும் மனிதனின் வயிற்றை வாசலிலிருந்து பார்த்தே வெட்டியிருக்கிறாள். அளந்து, வெட்டி, தைத்து, துளை போட்டு, அயன் பண்ணி. அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. லயத்தில் அவளுக்கு வெட்டிக்கொடுக்க யார் இருக்கிறார்கள், துளை போட யார் இருக்கிறார்கள்?

நானா சட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். நாலாம் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது ஒரு கக்கத்தில் பாயும் மறு கக்கத்தில் தலையணையும் இருந்தன. சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு வந்தார், கை ஒழியாததால்.

“இந்த லேன்ல இண்டைக்கு மாஸ்டர் எண்டு ஒரு ஆள்தான் ஈக்கி,” என்றார், சாவியை அவள் கையில் விழவிட்டு. “மத்த மூணு பேரும் அடுத்த போயாவுக்குத் திரும்பப் பரீட்சை எழுதோணும்.”

சொன்னபடியே செய்தார். தன் பலகையில் மாஸ்டர் என்ற இடத்தில் ஒரு பத்திரிகைத் தாளை ஒட்டினார். ஸலீமும் கணபதியும் மனமில்லாமல் ஒட்டினார்கள். மூன்று போயா போய்விட்டது. நானாவுக்கு இப்போது கைகள் சரியான பக்கத்தில் வருகின்றன, காலர்தான் இன்னும் தலைகீழ். கணபதி வளையங்களை நாலாகக் குறைத்திருக்கிறார். அந்தக் காலத்துச் சங்கங்கள் சில மாஸ்டர்பீஸைத் தாங்களே வைத்துக்கொண்டதாக நான் இன்னொரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிட்டதால், எனக்கு வாழ்க்கையில் பொருந்திய ஒரே சட்டையும் போயிற்று. அது நாலாம் அறைச் சுவரில் ஹேங்கரில் தொங்குகிறது, முன்னால் கொஞ்சம் உப்பிக்கொண்டு. வருகிறவர்கள் எல்லாம் அது யாருடையது என்று கேட்கிறார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லப்படுகிறது.

அதனால் போன வாரம் அதே மாதிரி ஒன்று தைக்கச் சொல்லிப் போனேன். காய்ந்த அறை. வெள்ளைக் கவுன்கள் வரிசையாக வெள்ளையாகவே தொங்கின. இந்தத் தடவை அவள் டேப்பை எடுத்தாள். டேப் இடுப்பைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் மூச்சு தானாக உள்ளே போனது. டேப்பைப் பிடித்தபடி, ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். என் காது சூடானது. கண்ணில் தண்ணீர் வந்தது. விட்டேன்.

“நாப்பத்தி ரெண்டர!” என்று சந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னார் கலாராணி மாஸ்டர்.